வாடகைக் குளிர்

துவைக்கும் முன் பைகளைத் துழாவ வேண்டும்.
ஏழு குளிரங்கிகள் வைத்திருக்கிறேன்,
நாளுக்குப் பன்னிரண்டு வெள்ளி, முன்பணம் தனி.
நான் பனி பார்த்ததில்லை.
ஆனால் அதைப் பார்த்தவர்களின் குப்பை
செந்தூல் ஒன்பதாம் மாடிக்கு வந்து சேரும்:
சோல் ரயில் அட்டை, காஷ்மீர் தேநீர்க் கடைச் சீட்டு,
ஒருமுறை பாதி கடித்த வாதுமை.

குணாளன் நான்கு அங்கி எடுத்தார்.
"பனி பாக்கப் போறோம்க்கா" என்றார், அவ்வளவுதான்.
கொரியா என்று லிப்டில் சொன்னவள் நான்.
ரோஸ்னா அக்காவிடம், அவர் வழியாகப் பதினான்கு மாடிக்கும்.
இரண்டே நாளில் திருப்பித் தந்தபோதும்
எனக்குக் கணக்கு உறைக்கவில்லை.

இன்று சிவப்பு அங்கியின் உள்பையில்
கெந்திங் பேருந்துச் சீட்டு நான்கு.
அதோடு மடித்த ஒரு ரசீது:
பனி அறை. பெரியவர் இரண்டு, சிறுவர் இரண்டு.
நாற்பத்தைந்து நிமிடம்.

ஜிப்பை மேல்வரை இழுத்து மூடினேன்.

நீலத் தொட்டியில் பச்சைத் தண்ணீர்,
சோப்பு ஒரு மூடிக்கு மேல் கூடாது.
முதலில் மூழ்க மாட்டேன் என்கும்,
உள்ளே இருப்பது வாத்தின் தூவி, மிதந்தே பழகியது.
உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி
அதன் மூச்சை வெளியேற்ற வேண்டும்.
கழுத்துப் பட்டையில் மட்டும் பல்துலக்கும் பிரஷ்.
குணாளனின் தலை எண்ணெய்
லேசில் போகிறதா!

முறுக்கக் கூடாது.
ஒரு கையால் தூக்கவும் கூடாது, தையல் விட்டுவிடும்.
மயங்கி விழுந்தவரைத் தூக்குவதுபோல்
இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினேன்.
ஈர வாத்து நாற்றம்.
அறைக்கு அறை தூவி கட்டிதட்டி,
நேற்றுச் சோறு மாதிரி.

மூங்கில் கழியில் போட்டால் எல்லாம் அடிக்கு இறங்கிவிடும்.
இரண்டு நாற்காலி சேர்த்து, மேலே படுக்கவைத்து,
காற்றாடியை மூன்றில் வைத்தேன்.
நாலு மணிக்கு இந்த ஊர் மழை தவறாமல் வந்தது.
சுவரே வேர்க்கும் ஊரில்
குளிருக்குத் தைத்தது எப்படிக் காயும்?

கீழே டோபி கடை. குறைந்த சூடு,
ஐந்து வெள்ளிக்கு அரைமணி நேரம்.
கூடவே மூன்று டென்னிஸ் பந்து.
தொம், தொம், தொம்.
பக்கத்து மெஷினில் சீருடை போட்ட பையன்
யாரையோ அடிக்கிறார்கள் என்பதுபோல் பார்த்தான்.
அரைமணிக்கு ஒருதரம் எடுத்து,
விரலால் கட்டியை உடைத்து, உதறி, திரும்பவும் உள்ளே.
நான்காம் தடவை அங்கி எழுந்து உட்கார்ந்தது.
இருபது வெள்ளி.
வாடகையில் எனக்கு மிஞ்சியது நான்கு.

முன்பணம் வாங்கச் சின்னவள் ஷர்விதாவும் வந்தாள்.
"ஆன்ட்டி, பனி சுடும், தெரியுமா?
கையில ரொம்ப நேரம் வச்சா சுடும்."
தெரியாது என்றேன். உண்மைதான்.
குணாளன் நோட்டை எண்ணாமல் பைக்குள் வைத்தார்.
நோட்டுக்கு நடுவே அந்தச் சீட்டுகளும் இருந்தன.
வைத்தது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

மறுநாள் லிப்டில் ரோஸ்னா அக்கா:
கொரியா எப்படி இருந்ததாம்?

தமிழில் கேட்டிருந்தால் சிக்கல் இல்லை.
புல் நுனியில் இருப்பதும் பனி,
கெந்திங் சாலையை மறைப்பதும் பனி,
உறைந்து கொட்டுவதும் பனி.
மலாயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்.
ஒன்பதிலிருந்து கீழே போவதற்குள்
ஒன்றை எடுத்தாக வேண்டும்.

"சால்ஜி" என்றேன். "நிறைய சால்ஜியாம்."

"அதான் பார்" என்று சிரித்து
என் தோளில் ஒட்டியிருந்த ஒரு தூவியை
அவர் எடுத்து ஊதினார்.
கதவு திறந்தது. நாங்கள் இறங்கிவிட்டோம்.
அது இறங்கவில்லை.